உது என்றால் எவ்வளவு தூரம்

இந்த வருடம் எங்கள் லீக்கில் குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வந்துவிட்டது. காதுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர். மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் கோச் பேசுவார், நடுவில் நிற்கும் பெண் கேட்பாள், கேட்டதைச் செய்வாள். போன மாதம் பழைய அணியின் பயிற்சியைப் பார்க்கப் போனபோது இப்போதைய குவாட்டர்பேக்குகள் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அக்கா, உங்கட காலத்தில ரேடியோ இல்லைத்தானே. அப்ப பிளே ஆர் சொல்லுறது?"

"நான்தான்."

"இல்லை அக்கா, சீரியஸா."

சீரியஸாகத்தான் எழுதுகிறேன். "உங்கட காலம்" என்று அவர்கள் சொன்னது இரண்டு வருடத்துக்கு முந்திய காலத்தை. எனக்கு வயது இருபத்தொன்பது. ஏழு சீசன் ஆடினேன், வலது தோள் போதும் என்றது, ஓய்வு பெற்றுவிட்டேன். ஓய்வு என்ற சொல்லைக் கேட்டால் அம்மா சிரிப்பார். "காலமை எழும்பி வேலைக்குப் போற பிள்ளைக்கு என்னடி ரிட்டயர்மென்ட்?" அவர் சொல்வது ஆய்வுகூட வேலையை. இரத்த மாதிரிகளைப் பரிசோதிக்கும் அந்த வேலை எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அந்த ஏழு வருடமும் யாராவது என்ன வேலை என்று கேட்டால், என் வாயில் முதலில் வந்தது குவாட்டர்பேக் என்பதுதான்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு நாலு வரி. கனடிய ஃபுட்போலில் பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். பந்தைப் பத்து யார்ட் முன்னே கொண்டுபோக மூன்று முயற்சி. ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் நாங்கள் வட்டமாகக் கூடுவோம், அதற்குப் பெயர் ஹடில். நடுவர் விசில் அடித்தால் இருபது விநாடி. அதற்குள் யார் எங்கே ஓடுவது, யார் யாரை மறிப்பது, பந்து யாருக்கு என்று ஒருத்தி சொல்லி முடிக்க வேண்டும், அதுதான் பிளே. சொல்பவள் குவாட்டர்பேக். பெரும்பாலான அணிகளில் அவள் வாய் மட்டும்தான். மூளை கோச்சுடையது, கைச்சைகையாக ஓரத்திலிருந்து வரும். எங்கள் அணியில் இரண்டையும் என்னிடமே விட்டிருந்தார்கள்.

நான் எப்படி அங்கே வந்தேன் என்பது பெரிய கதை இல்லை. ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், ஒரு யாழ்ப்பாணத்து வீட்டில் வளர்ந்தேன். அப்பார்ட்மென்ட் கார் பார்க்கில் தம்பிமாரோடு எறிந்து பழகினேன், இரண்டு கண்ணாடி உடைத்தேன், பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு அணி இல்லாததால் நாலு வருடம் தனியே எறிந்தேன், பிறகு பெண்கள் லீக் ஒன்று இருப்பது தெரிந்து போய் நின்றேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்தவர்கள்தான் கதை.

கோச் பார்னெட் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் புவியியல் படிப்பித்தவர். பார்படோஸில் பிறந்தவர். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அவர் பேசுவது ஆங்கிலம், இங்கே என் தமிழில் தருகிறேன். ஒவ்வொரு பிளே முடிந்ததும், நான் ஓரத்துக்கு வந்தால், அவரிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி.

"என்ன கண்டாய்?"

ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்கவே மாட்டார். என்ன கண்டாய். இடது பக்கத்துப் பெண் முன்காலில் பாரம் வைத்திருந்தாள், அதைக் கண்டேன் என்று சொன்னால் தலையாட்டுவார். அந்த பிளே படுதோல்வியாக இருந்தாலும் தலையாட்டுவார். "அவள் வருவாள் என்று நினைத்தேன்" என்று சொன்னால் மட்டும் தலையாட்ட மாட்டார். காத்திருப்பார். நினைத்ததை விட்டுவிட்டுக் கண்டதுக்கு நான் வரும்வரை, பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, காலநிலைப் படத்தைப் பார்ப்பவர் போலக் காத்திருப்பார்.

பென்சில் எதற்கு என்றால், அவர் ஒரு தாள் வைத்திருந்தார். எத்தனையாவது முயற்சி, எத்தனை யார்ட் தேவை, என்ன பிளே என்று கட்டம் கட்டமாக எழுதுவார், கடைசிக் கட்டத்தில் அந்த பிளேயைச் சொன்னது யார் என்று. நான் சொன்னால் 'கே'. என் பெயர் கீர்த்தனா. அவர் சொன்னால் 'பி'. முதல் சீசனில் தாள் முழுக்க பி. மூன்றாவது சீசனில் பி-யைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். "நான் ஓரத்தில் நிற்கிறேன். நீ நடுவில் நிற்கிறாய். எனக்குத் தெரிவது பாதிதான்," என்றார் ஒரு நாள், அவ்வளவுதான் விளக்கம்.

நான்காவது சீசனில் நிவேதா வந்தாள்.

திருச்சிக்காரி. இங்கே முதுகலை படிக்க வந்து, படித்து முடித்து, டோர்செட் பார்க்கில் பதினோராவது மாடியில் இருந்துகொண்டு மென்பொருள் வேலை பார்த்தவள். ஃபுட்போலை வாழ்க்கையில் தொட்டதில்லை. ஆனால் கல்லூரியில் த்ரோபால் ஆடியவள். தலைக்கு மேலே வரும் பந்தை இரண்டு கையாலும் பறித்து வைத்துக்கொள்வாள், கொய்யாக்காய் பறிப்பதுபோல. முதல் நாளே அவளை ரிசீவராகப் போட்டார் கோச். தான் எறிவதைப் பிடிக்கிற ஒருத்தி கிடைப்பது ஒரு குவாட்டர்பேக்குக்கு என்ன என்று நான் விளக்கப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

எல்லோரும் வரிசையில் நின்ற பிறகு எதிரணி கடைசி விநாடியில் இடம் மாறும். அப்போது நான் கத்தி ஒரு மாற்றம் சொல்ல வேண்டும். நிறம், இலக்கம் என்று எல்லா அணியும் கத்துகிற குறிகள் எல்லா அணிக்கும் தெரியும். என் மூளை உடனே ஓடியது. நாங்கள் இரண்டு பேரும் தமிழ். தமிழில் கத்தினால் என்ன?

"இது எண்டால் கிட்ட. அஞ்சு யார்ட்டில திரும்பு," என்றேன். "உது எண்டால் நடுவில, பன்ரெண்டு யார்ட் போய்க் குறுக்கால வெட்டு. அது எண்டால் நிக்காமல் நேர ஓடு. சரியா?"

"சரிடி."

வரிசையில் நின்றோம். "உது" என்று கத்தினேன். நிவேதா நேரே பறந்தாள். நான் நடுவுக்கு எறிந்த பந்தை எங்கள் அணியின் தடுப்பாட்டக்காரி சந்தையில் முட்டைக்கோவா வாங்குவதுபோல நிதானமாக எடுத்துக்கொண்டு போனாள்.

"எங்கயடி போறாய்?"

"நீதான அதுன்னு சொன்ன?"

"நான் உது எண்டு சொன்னனான்."

"ஊதுவா? என்னத்த ஊத?"

"உது. இது, உது, அது."

"கீர்த்தி, அப்படி ஒரு வார்த்தையே கெடையாது. நான் தமிழ் மீடியம் படிச்சவ."

"எங்கட வீட்டில நாளுக்கு நூறு தரம் சொல்லுறம்."

"உங்க வீட்ல என்னென்னமோ சொல்றீங்க."

பயிற்சி நின்றுவிட்டது. இருபது பெண்கள் ஹெல்மெட்டோடு நின்று பார்க்க, நான் பந்தை வைத்து இலக்கணம் நடத்தினேன். என் கையில் இருக்கும்போது இது. தூரத்தில், எங்கள் இருவருக்கும் எட்டாமல் கிடந்தால் அது. பந்தை அவள் கையில் கொடுத்தேன். "இப்ப உது. எனக்குக் கிட்ட இல்லை. உனக்குக் கிட்ட."

அவள் பந்தைப் பார்த்தாள். "அப்ப சொல்றவளுக்குப் பக்கத்துல இல்ல. கேக்குறவளுக்குப் பக்கத்துல."

"ஓம்."

"நல்லாத்தான் இருக்கு. எங்க ஊர்ல ஏன் தொலைச்சாங்க?"

இரண்டு சீசன் அந்த மூன்று சொல்லாலும் பிழைத்தோம். எங்கள் அணியின் மற்றப் பெண்களுக்கே அந்தச் சொற்கள் எங்கள் இரண்டு பேரின் இருமல்போலத்தான் கேட்டன.

இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. தெருவுக்குத் தெரு தமிழர் இருக்கும் ஸ்காபரோவில் தமிழில் இரகசியம் பேசலாம் என்று நினைத்தது ஸ்காபரோவில் வளர்ந்த நான். பஸ்சில் முன் சீட்டுக்காரியின் சேலையைப் பற்றித் தமிழில் கதைக்கக்கூடாது என்று எங்கள் அம்மாமாருக்குக்கூடத் தெரியும்.

ஆறாவது சீசன், ஜூலை. எதிரணி மில்லிக்கன் பக்கத்துப் பெண்கள். அவர்களுக்குப் புதிதாக ஒரு லைன்பேக்கர் வந்திருந்தாள். தடுப்பாட்டத்தில் நடுவைக் காப்பவள் லைன்பேக்கர். சட்டையில் நாற்பத்துநாலு. ஹெல்மெட்டுக்குள் முகம் யாருக்குத் தெரியும்.

முதல் பாதியில் ஒரு தடவை உது என்று கத்தினேன், எறிந்தேன், நிவேதா பிடித்தாள். பிளே முடிந்ததும் எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். நாற்பத்துநாலு என்னைப் பார்த்தாள். சனக்கூட்டத்தில் தன் பெயரைக் கேட்டவள் திரும்புவாளே, அப்படி. நான் அதைக் கண்டேன்.

இரண்டாவது பாதி. ஏழு யார்ட் தேவை. வரிசையில் நின்றபோது நடு திறந்து கிடந்தது. கத்தினேன். சொல் முடியுமுன் நாற்பத்துநாலின் பின்னங்கால் புல்லில் ஊன்றியது. அதையும் கண்டேன். கண்டுகொண்டே எறிந்தேன். இந்தத் தரமும் பிடித்துவிடுவாள் என்று நினைத்தேன்.

நிவேதா தலைக்கு மேலே கையைத் தூக்கிப் பறித்த அதே கணம் நாற்பத்துநாலின் தோள் அவள் தோளுக்குக் கீழே வந்தது. சட்டப்படி சரியான அடி, நடுவர் விசிலைத் தொடவில்லை. நிவேதா பந்தை விடவில்லை. முழங்காலில் எழுந்து பந்தை நடுவரிடம் கொடுத்தாள், வலது கையால். இடது கை தொங்கியது.

நான் ஓடிப்போனபோது நாற்பத்துநாலு அவளுக்குப் பக்கத்தில் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு இருந்தாள். பத்தொன்பது இருபது வயது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொரி அக்கா. உது எனக்கும் விளங்கும்."

அவள் பெயர் துஷி என்று பிறகு தெரிந்தது.

ஓரத்துக்கு வந்தேன். கோச் கேட்டார், "என்ன கண்டாய்?"

"ஒன்றும் காணவில்லை."

அவர் காத்திருந்தார். நானும் நின்றேன். கடைசியில் அவர் தாளில் எதையோ எழுதினார்.

காறை எலும்பு முறிந்திருந்தது. நிவேதாவின் இடது கை பட்டியில் தொங்க, அடுத்த ஆறு வாரம் நான் வேலைக்குப் போகுமுன் டோர்செட் பார்க்குக்கு பஸ் ஏறினேன். ஒரு கையால் எல்லாம் செய்வாள், சமைப்பாள், கோட் எழுதுவாள், தலை மட்டும் பின்ன முடியாது. இடுப்பு வரைக்கும் முடி. எனக்கோ பின்னத் தெரியாது, நான் பதின்மூன்று வயதில் வெட்டியவள். அவள் கண்ணாடியைப் பார்த்தபடி சொல்லித் தருவாள், நான் மூன்று கூறாகப் பிரிப்பேன், இரண்டாகிவிடும்.

"ஏழு பேர் ஓடுறத ஒரே பார்வைல பாப்ப. மூணு கால் முடிய எண்ணத் தெரியல."

"ஆடாமல் இரு."

ஒரு நாள் பின்னிக்கொண்டிருக்கும்போதே திருச்சியிலிருந்து வீடியோ அழைப்பு. அவள் ஒரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். வீட்டில் ஃபுட்போல் என்று சொல்லவில்லை. த்ரோபால் மாதிரி ஒன்று என்று சொல்லியிருந்தாள்.

"ஏன்டி துண்டு?" என்று கேட்டது அம்மாவின் குரல்.

"குளிருதும்மா."

"ஜூலைலயா?"

"ஏசிம்மா. இங்க எல்லாத்துலயும் ஏசி."

"பின்னாடி யாரு?"

"தலை பின்ற பொண்ணு."

"நல்லா பின்னலியே."

அழைப்பு முடிந்ததும் சிரித்தோம். சிரித்து முடிந்த இடத்தில்தான் நான் சொன்னேன். கையில் அவள் முடி இருந்தது, முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"நிவே, அந்தப் பிள்ளைக்கு விளங்கினது எனக்குத் தெரியும்."

"எந்தப் பொண்ணுக்கு?"

"நாப்பத்துநாலுக்கு. முதல் தரமே என்னைத் திரும்பிப் பாத்தவள். நான் கண்டனான். கண்டிட்டும் சொன்னனான்."

அவள் தோளில் கிடந்த துண்டை ஒரு கையால் மடித்து வைத்தாள். பிறகு, "பின்னி முடிச்சிட்டியா?" என்றாள்.

"இன்னும் கொஞ்சம்."

"முடிச்சிட்டுக் கெளம்பு."

அடுத்த இரண்டு நாள் நான் கதவைத் தட்டினேன், அவள் வந்து திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை ஆறரைக்குச் செய்தி வந்தது. 'முடி சிக்கு விழுந்துருச்சு. வா.' போனேன். அன்றைக்கு மூன்று கூறும் மூன்றாகவே இருந்தன.

அந்த சீசனின் மிச்ச ஆட்டங்களில் பிளே சொல்வதைக் கோச்சிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் மறுக்கவில்லை. ஓரத்திலிருந்து கையைக் காட்டுவார், நான் சொல்வேன். சைகை வந்து சேரவே எட்டு விநாடி போய்விடும். ஓரத்தில் கைப்பட்டியோடு உட்கார்ந்திருந்த நிவேதா ஒரு நாள், "எதிர்ல நிக்கிறவங்கள நீ பாக்கவே மாட்டேங்குற. கோச்சத்தான் பாக்குற," என்றாள்.

சீசன் முடிந்து சாமான்களைக் கட்டும்போது பழைய தாள்கள் கண்ணில் பட்டன. ஜூலைத் தாளை எடுத்தேன். அந்த வரி. ஏழு யார்ட், நடு, நிவேதா. கடைசிக் கட்டத்தில் பி.

"இதை நீங்கள் சொல்லவில்லை," என்றேன்.

"சொல்ல உன்னை வைத்தது நான். அப்படியென்றால் நான் சொன்னதுதான்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் கருணையாகச் செய்ததுதான், ஆனால் என்னுடையதை எடுத்து வைத்திருந்தார். "நான் கண்டேன்," என்றேன். "அவள் என்னைப் பார்த்ததைக் கண்டேன். கால் ஊன்றியதைக் கண்டேன். உங்களிடம் பொய் சொன்னேன்."

இந்தத் தரம் அவர் தலையாட்டினார். பென்சிலைத் திருப்பி, அழிறப்பர் இருக்கும் பக்கத்தை என்னிடம் நீட்டினார். நான் பி-யை அழித்து கே எழுதினேன். அடுத்த சீசனுக்கு பிளே சொல்வது யார் என்று அதற்குப் பிறகு நாங்கள் பேசவே இல்லை.

ஏழாவது சீசன் எனக்குக் கடைசி என்று தோள் முதலிலேயே சொல்லிவிட்டது. நிவேதா திரும்பி வந்தாள், கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் புத்திசாலியாக. தமிழ்க் குறிகளைக் கைவிட்டோம். எல்லா ஆட்டத்திலும் நானே பிளே சொன்னேன், தாள் முழுக்க கே. ஆனால் ஒரு தடவைகூட அவளை நடுவுக்கு அனுப்பவில்லை. ஓரமாக ஓடு, ஓரத்தில் திரும்பு. கோச் கண்டிருப்பார். நிவேதா நிச்சயம் கண்டாள்.

"என்னடி, என்னைக் கண்ணாடிப் பொட்டில வச்சிருக்கியா?"

"ஓரம் திறந்து கிடக்கு, அதுதான்."

"பொய் சொன்னா உனக்கு மூக்கு வேர்க்குது."

அரையிறுதியில் அதே மில்லிக்கன் அணி. அதே நாற்பத்துநாலு. ஆட்டத்துக்கு முன்னால் துஷி எங்கள் பக்கம் வந்து நிவேதாவின் தோளைச் சாடையாகத் தொட்டாள். "இப்ப ஓகேயா அக்கா?"

"ஓகே. நீ வேற பாஷை கத்துக்கப் போ."

கடைசி ஒரு நிமிடத்தில் நாங்கள் நாலு புள்ளி பின்னால். ஒரு டச்டவுன் வேண்டும், அதாவது பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்ட வேண்டும். அதற்கு நாற்பத்தைந்து யார்ட் இருந்தது. மூன்றாவது முயற்சி, எட்டு யார்ட் தேவை. தவறினால் சீசனும் முடிந்தது, நானும் முடிந்தேன். ஹடிலில் குனிந்து, ஓரத்துக்கு ஒரு பிளே சொல்லத் தொடங்கினேன்.

"உது," என்றாள் நிவேதா.

"இல்லை."

"நடு காலியா இருக்கு. நான் பாத்தேன்."

"அவள் நிக்கிறாள்."

"தெரியும். கீர்த்தி, கேக்குறவளுக்குப் பக்கத்துல இருக்குறதுதான உது? கேக்குறது நான். எனக்குத் தெரியும் எவ்வளவு பக்கம்னு. சொல்லு."

பத்து விநாடி போய்விட்டது. மற்றப் பத்துப் பெண்களும் என் வாயைப் பார்த்தார்கள். ஹெல்மெட்டுக்கு வெளியே, கழுத்தடியில், அன்று காலை நான் பின்னிய பின்னல் சுருண்டு கிடந்தது.

நான் அதை ஆங்கிலத்தில் எல்லோருக்கும் சொன்னேன். வரிசையில் கத்தவில்லை. எறிந்தேன். அவள் பிடித்தாள், துஷி வந்து மோதினாள், இருவரும் உருண்டார்கள். நிவேதா எழுந்து, இடது கையால் பந்தை நடுவரிடம் நீட்டினாள். இடது கையால். வேண்டுமென்றே.

முப்பத்தொரு யார்ட் மிச்சம். இன்னும் ஒரு பிளேக்குத்தான் நேரம். ஹடிலுக்குள் அவள் மூச்சு வாங்கியபடி வந்தாள், பல் தெரிந்தது.

"இப்ப உதுன்னு சத்தமா கத்து. நான் மொத நாள் மாதிரி போறேன்."

எனக்கு ஒரு விநாடி பிடித்தது. பிறகு சிரித்துவிட்டேன். அரையிறுதியில், ஹடிலுக்குள், குவாட்டர்பேக் சிரிப்பதை அந்தப் பெண்கள் முன்பு பார்த்ததில்லை.

வரிசையில் நின்றோம். வயிற்றிலிருந்து கத்தினேன். "உது." துஷியின் கால் ஊன்றியது, முன்னே வந்தாள், நடுவை அடைத்தாள். யாழ்ப்பாணத்து வீட்டில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்யும். நிவேதா திருச்சிக்காரியாக நேரே ஓடினாள்.

என் தோளுக்கு அந்தத் தூரம் அதிகம். பந்து கொஞ்சம் குறைந்து போனது. அவள் திரும்பி, இரண்டடி பின்னே வந்து, தலைக்கு மேலே பறித்துக்கொண்டு கோட்டைத் தாண்டி விழுந்தாள்.

துஷி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "அக்கா, உது எண்டு சொல்லிப்போட்டு அங்க எறியிறியள். உது சரியில்லை."

பந்தோடு திரும்பி வந்த நிவேதாவுக்கு அது கேட்டது. "எனக்கு உது வராதும்மா," என்றாள். "எங்க ஊர்ல இல்ல."

அடுத்த வாரம் இறுதியாட்டத்தில் நன்றாகத் தோற்றோம். அதை எழுத எனக்கு ஆசை இல்லை.

அரையிறுதி முடிந்து ஓரத்துக்கு வந்தபோது கோச் தாளோடு நின்றார்.

"என்ன கண்டாய்?"

"அவளைத்தான் கண்டேன்," என்றேன்.

தலையாட்டினார். தாளில் கடைசி இரண்டு வரிகளிலும் கடைசிக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார். பென்சிலை என்னிடம் தந்தார். இரண்டிலும் நிவேதாவின் 'என்' எழுதினேன்.